தொண்ணூற்றிரண்டில் தொடங்கிய உறுமல்

நான் வேலையிலிருந்து விலகிய அன்று, கராஜில் என்னோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். ஹைவேயில் வேகம் பிடித்ததும் வண்டிக்குள் 'உம்ம்' என்று காதை அடைத்துக்கொண்டு வருகிற அந்தச் சைலன்சர் சத்தத்தை எப்படி நிறுத்துகிறீர்கள், பாஸ்? நான் ஏதோ கைமருந்தை மறைத்து வைத்திருப்பதுபோலக் கேட்டீர்கள். கேக் வெட்டுகிற அவசரத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியதற்குக் காரணம் உண்டு. அந்த வேலையை நான் கற்றுக்கொண்ட விதம் பத்துப் பேர் முன்னால் நின்று சொல்லக்கூடியதாக இல்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஹட்டனில் சைலன்சர் வேலை செய்கிறவனுக்கு ஒரு குறை இருக்கிறது. நம் பாதைகளில் எந்த வண்டியும் தொண்ணூறைத் தொடாது. டிக்கோயாவுக்குப் போனாலும் நானுஓயாவுக்குப் போனாலும் வளைவு, ஏற்றம், முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் ஒரு லொறி. முள் அறுபதைத் தாண்டினாலே பெரிது. ஆகவே தொண்ணூறில் மட்டும் வருகிற சத்தத்தை நம் கராஜ் வாசலில் நின்று கேட்க முடியாது. வண்டிக்காரர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு அப்போது இருக்கவில்லை. முப்பது வருடமாக வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு ஓட்டுகிறவன் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறான் என்ற எண்ணம்தான் இருந்தது.

மகேந்திரன் டிக்கோயாக்காரன். நாற்பது வயதிருக்கும். பழைய பெட்ரோல் வான் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டுநாயக்கவில் தையல் ஆலைகளில் வேலை செய்கிற நம் தோட்டத்துப் பெண்கள் லீவில் வீட்டுக்கு வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பிப் போவார்களே, அவர்களை ஏற்றிப் போவதுதான் அவன் தொழில். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கி, கடுவெலையில் ஹைவேயில் ஏறுவான். அந்த வானை முன்பு வைத்திருந்தவர் ஸ்டைலுக்காகக் கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் குழாய் மாதிரியான ஒன்றை மாட்டியிருந்தார்.

"பாஸ் அண்ணே, ஹைவேல ஏறி தொண்ணூற தாண்டுனா காது அடைக்குதுங்க. நூத்தி அஞ்சு வந்தா தானா நின்னு போயிருது. நடுவுலதான் உயிர் போகுது," என்றான் முதல் தடவை வந்தபோது.

வண்டியை நோர்வூட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. "காதுல அழுக்கு இருக்கானு பாரு மகேந்திரா," என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போனான். இரண்டு வாரம் கழித்து அதே குறையோடு மறுபடி வந்தான். வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூச்சமாக இருந்தது. குழாயைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினேன். மூன்றாம் தடவையும் வந்தான். இம்முறை எனக்கு ரோசம் வந்துவிட்டது. இன்னொரு சைலன்சர் பெட்டியை நடுவில் வைத்து ஒட்டிவிட்டேன்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்தப் பெட்டியை வைக்க இடம் போதவில்லை. ஆகவே புகை வெளியேறுகிற வாற்குழாயை வெட்டினேன். பின் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய், இப்போது வண்டியின் வயிற்றுக்குக் கீழேயே, பின்கதவுக்கு ஒரு முழம் முன்னால் முடிந்துவிட்டது. பார்க்க நேர்த்தியாக இருந்தது. வெட்டின துண்டை மூலையில் வீசிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

நான்காம் தடவை மகேந்திரன் வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, கொறையல. கூடிருச்சு. போன ஞாயித்துக்கிழம ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் மண்டையிடி. அடுத்த வாரம் வேற வான்ல போறோம்ங்கிறாங்க."

முதலில் வந்தபோது அவன் காது அடைக்கிறது என்றான். இப்போது வாந்தி என்றான், தலைவலி என்றான். வண்டிக்காரனுடைய வார்த்தை மாறிவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் காதில் விழுந்தது 'கூடிருச்சு' என்ற ஒரு சொல்தான். என் வேலையைக் குறை சொல்கிறான் என்றுதான் பட்டது. "இந்த ஞாயித்துக்கிழம நானே வர்றேன். என் காதால கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன்," என்றேன். அப்படிச் சொன்னதே பெரிய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இருவரை மட்டும் சொல்கிறேன். ஒருத்தி வசந்தி, டயகம பக்கத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. விடியற்காலை பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்த அலுப்பில் கடைசி சீட்டு முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். மற்றவர் பாக்கியம் அக்கா. வசந்திக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். தேயிலை ஆலையில் தூள் சலிக்கிற அறையில் பல வருடம் வேலை செய்தவர். இப்போது அந்தப் பெண்கள் தங்கியிருக்கிற விடுதியில் சமையல் செய்கிறார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

நான் கடைசி சீட்டுக்கு முன்னால் தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். கையில் ஒரு கொப்பி, பென்சில். எந்த வேகத்தில் சத்தம் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வதாகத் திட்டம்.

கித்துல்கலை வரை ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு விரல் திறந்தே இருந்தன. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்பதால் காற்று வேண்டும் என்று பெண்கள் விடவில்லை. வசந்தி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவளுடைய தையல் லைனில் இருக்கும் மேற்பார்வையாளர் மூக்கைச் சொறிந்துகொண்டே திட்டுவாராம். அவரைப் போலவே செய்து காட்டினாள். வான் முழுவதும் சிரித்தது. அவிசாவளையில் வெயில் ஏறியதும் மகேந்திரன் கண்ணாடிகளை மூடச் சொல்லி ஏசியைப் போட்டான். கடுவெலையில் ஹைவேக்குள் நுழைந்தோம்.

தொண்ணூற்றிரண்டில் அது வந்தது.

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அதை வெறும் சத்தம் என்று சொல்லக் கூடாது. வானின் கூரை, தரை, சீட்டின் கால்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் முனகுவதுபோல இருந்தது. பல்லில் தெரிந்தது. நெஞ்சுக்குள் தெரிந்தது. 'இதைத்தான் இத்தனை நாள் சொன்னானா' என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. நோய் கையில் அகப்பட்டுவிட்டதே! நான் தரையில் காதை வைத்துப் படுத்தேன். மகேந்திரனிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன். கொப்பியில் எழுதினேன். தலை கொஞ்சம் கனத்தது. இந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கனக்காது என்று விட்டுவிட்டேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பாக்கியம் அக்கா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, இந்தப் புள்ளயப் பாருங்க."

வசந்தி கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். "தூங்குதுக்கா. விடியக்காலைல எந்திரிச்ச புள்ள," என்றேன்.

"தூக்கமில்ல தம்பி. இப்பத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணத் தொறந்து என்னமோ சொன்னுச்சு, ஒண்ணும் வெளங்கல. நாக்கு கொழறுது. போன வாரமும் இந்தக் கடைசி சீட்டுல இருந்த புள்ளைங்கதான் ரெண்டும் வாந்தி எடுத்துச்சு. சத்தம் எல்லாருக்கும் ஒண்ணாத்தானே கேக்குது? முன்னால இருக்கிறவங்க ஒருத்தரும் வாந்தி எடுக்கலியே?"

சமாளிப்பதற்காகக் கொப்பியைப் பார்த்தேன். முதல் மூன்று வரிகள் நேராக இருந்தன: தொண்ணூற்றிரண்டில் தொடக்கம், தொண்ணூற்றெட்டில் உச்சம், நூற்றைந்தில் நின்றது. நான்காவது வரி கோட்டைவிட்டுக் கீழே சரிந்து போயிருந்தது. அது என் கையெழுத்துத்தான். எழுதி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் என்ன எழுதியிருக்கிறேன் என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

அப்போதுதான் மூலையில் வீசிய குழாய்த்துண்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. புகை வண்டிக்கு வெளியே போகவில்லை. வயிற்றுக்குக் கீழே விடுகிறோம். வேகமாக ஓடுகிற வானின் பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும். பின்கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறது. மலையில் கண்ணாடி திறந்திருந்ததால் தப்பினார்கள். இங்கே எல்லாம் மூடி, ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருக்கிறது. மணமில்லாத விஷவாயு. கடைசி சீட்டில் அந்தப் பிள்ளை.

"மகேந்திரா, நிப்பாட்டு!"

"அண்ணே, இங்க நிப்பாட்டக் கூடாதுங்க. அடுத்த எக்சிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான்."

நீங்கள் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னது பிழையில்லை. ஹைவே ஓரத்தில் வண்டியை நிறுத்துவதும் ஆபத்துத்தான். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஓடலாமே என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் ஓடுகிற வண்டியில் பின்கண்ணாடியைத் திறந்தால் புகையை இன்னும் உள்ளே இழுத்தாலும் இழுக்கும். என் மூளை நேராக இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கையெழுத்தை வாசிக்க முடியாதவன் ஆறேழு கிலோமீட்டருக்குக் கணக்குப் போடக் கூடாது. இஞ்சினை நிறுத்தினால் புகை நிற்கும். அது ஒன்றுதான் நிச்சயம்.

"உள்ளுக்குப் புகை வருது மகேந்திரா. நான் செஞ்ச வேல. நிப்பாட்டு."

அவன் தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிக்னலைப் போட்டு, இடது ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்தான். கதவுகள் எல்லாவற்றையும் திறந்தோம். பெண்கள் இறங்கிக் கம்பித் தடுப்புக்கு அப்பால் புல்லில் போய் உட்கார்ந்தார்கள். மகேந்திரனும் பாக்கியம் அக்காவும் வசந்தியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தூக்கப் போனேன். எனக்குக் கால் நிற்கவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பெண் போனில் உதவி கேட்டாள். சில நிமிடங்களில் ரோந்து வாகனம் வந்தது, அதன் பின்னாலேயே அம்புலன்ஸ். வசந்தி புல்லில் கிடந்தாள். மூச்சு இருந்தது. பாக்கியம் அக்கா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "வசந்தி, அம்மா பேர் என்ன? அம்மா பேரச் சொல்லு புள்ள," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் உதடு அசைந்தது. பேர் வரவில்லை.

ரோந்து அதிகாரி என்னிடம் வந்து என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அந்த நேரம் மகேந்திரன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அண்ணே, வாந்தி, மயக்கம்னு சொல்லுங்க. மலைல இருந்து எறங்குன புள்ளைங்கன்னா நம்புவாங்க. புகைன்னு சொன்னா வண்டிய எடுத்துருவாங்க. எனக்கு வேற பொழப்பு இல்ல."

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். நானும் பயந்துபோயிருந்தேன். வாந்தி என்று சொல்லிவிட்டால் அவன் வண்டியும் தப்பும், என் பேரும் தப்பும். பிள்ளைக்குக் காற்றுப் பட்டிருக்கிறது, எப்படியும் எழுந்துவிடுவாள் என்று மனது சமாதானம் சொன்னது. ஆனால் அம்புலன்ஸில் வந்த பையன் அவளுக்கு என்ன கொடுப்பது என்று முடிவுசெய்ய என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தும, மாத்தயா," என்றேன். புகை, ஐயா. பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சைலன்சர் புகை உள்ளே வந்தது, இத்தனை நேரம் மூடிய வண்டியில் இருந்தோம், அந்தக் குழாயை வெட்டியது நான். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் வசந்தியின் முகத்தில் ஒட்சிசன் முகமூடியை வைத்துவிட்டான்.

மகேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றான்.

ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோரையுமே படுக்க வைத்தார்கள். வரிசையாக எட்டுப் பெண்கள், கடைசியில் நான், எனக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் மகேந்திரன். எல்லோர் முகத்திலும் முகமூடி. யாரும் பேச முடியாது. அந்த நேரத்தை என்னால் விவரிக்க முடியாது. வசந்தியின் படுக்கையைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே தாதிமாரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் ஓடினால் எனக்கு உயிர் போனது. நின்றால் உயிர் வந்தது.

கடைசியில் திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நாக்குக் குழறாத, எரிச்சலான குரல்.

"யாரு என் செருப்ப எடுத்தது?"

பாக்கியம் அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டு அழுதார். நான் முகமூடிக்குள்ளேயே அழுதேன். உள்ளே தண்ணீர் சேர்ந்து தாதி வந்து துடைத்துவிட்டார்.

எங்களைப் பார்த்த டாக்டர் சிங்களப் பெண்மணி. தமிழும் கொஞ்சம் பேசினார். என் படுக்கைக்கு வந்து, குழாயை வெட்டிய ஆள் நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"நீங்க வாந்தி சொன்னா, நாங்க வாந்திக்கு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பி இருப்போம். புகை சொன்னீங்க. அதனால ஒரு நிமிஷமும் வீணா போகல," என்றார். போகும்போது திரும்பி, "அந்த வண்டில ஆட்களுக்கு என்ன ஆகுதுன்னு முன்னாடி கேட்டீங்களா?" என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்குப் பாடம் சொன்னவர்களில் வண்டிக்கு அடியில் ஒருநாளும் படுக்காதவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு நான் எந்த வண்டியை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சத்தம் எப்போது வருகிறது என்பது ஒன்று. அந்த நேரம் உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன செய்கிறது, எந்த சீட்டில் இருக்கிறவருக்கு என்பது மற்றது. வேறு வேறு நாளில் அதே ஆள் வேறு வார்த்தை சொன்னால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுங்கள். நோய் மாறிவிட்டது என்று அர்த்தம்.

வானை ஹைவேயிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்க் கடுவெலைப் பக்கம் ஒரு கராஜில் விட்டிருந்தார்கள். பொலிஸார் விசாரித்தார்கள். சரிசெய்து, சோதித்துக் காட்டிய பிறகுதான் ஆட்களை ஏற்ற வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். மகேந்திரன் பயந்ததுபோல வண்டியைப் பறிக்கவில்லை. அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கருவிப் பையோடு அந்த கராஜுக்குப் போனபோது அவன் வானின் படியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தீபாவளிக்கு என் மகளுங்க ரெண்டு பேரும் அந்தக் கடைசி சீட்டுலதான் வந்தாங்க," என்றான். "அப்ப நீங்க பெட்டி வைக்கல. அத நெனச்சு நெனச்சுத் தூக்கம் வரல."

பையைக் கீழே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனே எழுந்து ஜாக்கை எடுத்து வந்தான்.

முதலில் என் பெட்டியைக் கழற்றினேன். வாற்குழாயைப் பின் பம்பரைத் தாண்டி வெளியே கொண்டுபோனேன். பின்கதவு ரப்பரைப் புதிதாகப் போட்டோம். தரையில் இருந்த ஓட்டைகளுக்கு எல்லாம் மூடி போட்டோம். ஒட்டுகள்மேல் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குழாய்க்குள் காற்றடித்து, ஒரு குமிழிகூட வரவில்லை என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்தோம். அந்த விஷவாயுவைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றைக் கொழும்பில் தேடி வாங்கிக் கடைசி சீட்டில் கட்டினோம். கண்ணாடிகளை மூடி, ஏசியைப் போட்டு, நானும் அவனும் மட்டும் ஹைவேயில் ஓடினோம். கருவி பூச்சியத்திலேயே நின்றது. திரும்பத் திரும்ப ஓடினோம். பூச்சியம்தான்.

அந்தப் பூச்சியத்தைப் பார்த்த பிறகுதான் சத்தத்தைப் பற்றி யோசிக்க எனக்குத் தைரியம் வந்தது. வரிசை அதுதான், மறந்துவிடாதீர்கள்.

பெட்டி மேல் பெட்டி வைத்து அந்த உறுமலை அடக்க முடியாது. அது ஒரே ஒரு சுருதி. குழாயின் பக்கத்தில், மறுமுனை அடைத்த ஒரு கிளைக்குழாயைச் சரியான நீளத்தில் வைத்தால், அதற்குள் போய்த் திரும்பி வருகிற சத்தம் எதிரே வருகிற சத்தத்தை அமுக்கிவிடும். இதை நான் எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். செய்து பார்த்ததில்லை. நீளம்தான் சூட்சுமம். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய்களை வைத்து, நீட்டவும் சுருக்கவும் வசதியாக ஒரு கிளை செய்தேன். கடுவெலையில் ஏறுவோம், தொண்ணூற்றெட்டில் கேட்போம், அடுத்த எக்சிட்டான அத்துருகிரியவில் இறங்குவோம், வண்டி சூடாறும் வரை பிளேன்டீ குடிப்போம், இரண்டு விரல் நீட்டுவோம், மறுபடி ஏறுவோம். நுழைவாயிலில் டிக்கெட் கொடுக்கிற பெண் எங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் உறுமல் கொஞ்சம் இடம் மாறியது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை, கிளை இரண்டு முழத்துக்குச் சற்று மேல் வந்தபோது, மகேந்திரன் திடீரென்று வேகமானியின் கண்ணாடியை விரலால் தட்டினான்.

"என்னடா?"

"முள்ளு சிக்கிருச்சு போல அண்ணே. தொண்ணூத்தேழு காட்டுது. ஆனா வண்டி அவ்வளவு வேகமா போகலியே."

போய்க்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லாததால் வேகமே தெரியவில்லை அவனுக்கு. ஏசியின் காற்று கேட்டது. டயர் கேட்டது. அவன் சட்டைப் பையில் சில்லறை குலுங்கியது கேட்டது. நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கியதும் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தான். ஹோர்ன் அலறியது. முன்னால் போன கார்க்காரர் பயந்து விலகி வழிவிட்டார்.

வசந்தி ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். ஒரு தடவை டயகமவுக்குப் போய் அவள் அம்மா அப்பாவைப் பார்த்தேன். அவர்களுடைய லயத்து வீட்டு வாசலில் நின்று, என் கையால்தான் இது நடந்தது என்று சொன்னேன். அவள் அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க, மழை வருது," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தேத்தண்ணீர் கொடுத்தார்கள்.

வசந்தி வேலைக்குத் திரும்புகிற ஞாயிறு, மகேந்திரனின் வானும் முதல் தடவையாக மறுபடி ஆட்களை ஏற்றியது. ஹட்டனில் பெண்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். முன் சீட்டுகள் நிரம்பின. கடைசி சீட்டுக்கு யாரும் போகவில்லை. நான் அதில் போய் உட்கார்ந்தேன். நான் போகாமல் யாரைப் போகச் சொல்வது?

வசந்தி கடைசியாக ஏறினாள். கருவியைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது நெஜமா வேல செய்யுமா மாமா?"

"செய்யும். ஆனா அத நம்பி நான் உக்காரல. என் வேலைய நம்பி உக்காந்திருக்கேன்."

"போன தடவையும் அதத்தானே நம்புனீங்க," என்றாள். ஆனால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவிசாவளையில் கண்ணாடிகள் மூடின. யாரும் சிரிக்கவில்லை. கடுவெலையில் ஏறினோம். எண்பது, தொண்ணூறு. பெண்கள் எல்லோரும் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்றிரண்டு வந்தது, போனது. ஒன்றும் இல்லை. வசந்தி மெதுவாகப் பேசத் தொடங்கினாள். அந்த மேற்பார்வையாளர் கதைதான். மூக்கைச் சொறிகிற இடம் வந்ததும் முன் சீட்டில் ஒருத்தி சிரித்தாள். அதன் பிறகு எல்லோரும் பேசினார்கள். யாரோ தோடம்பழம் உரித்தார்கள். ஒருத்தி போனில் தன் தம்பியோடு சண்டை பிடித்தாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கருவியில் பூச்சியம்.

ஒரு மாதமாக நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அந்தப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு கண்ணாடியில் சாய்ந்ததுதான் நினைவிருக்கிறது.

அடுத்து நான் அறிந்தது, யாரோ என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார்கள். முகத்தில் காற்று அறைகிறது. எல்லாக் கண்ணாடியும் திறந்திருக்கிறது. வான் முழுவதும் ஒரே கூச்சல். மகேந்திரன் சிக்னல் போட்டு ஓரம் கட்டத் தொடங்கிவிட்டான். வசந்தி என் முகத்துக்கு நேரே கத்துகிறாள்.

"மாமா! பேரச் சொல்லுங்க! உங்க பேர் என்ன? சொல்லுங்க!"

"சிவலிங்கம்," என்றேன். "ஏம் புள்ள?"

அவள் என் சட்டையை விடவில்லை. கண் கலங்கியிருந்தது. பாக்கியம் அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மகேந்திரா, நீ ஓட்டுப்பா, ஒண்ணுமில்ல," என்றார். "இவரு கொறட்டை விட்டாரு. அன்னிக்கு ஒருத்தரும் கொறட்டை விடல."

முதலில் வசந்திதான் சிரித்தாள். பிறகு எல்லோரும். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். சிரிப்பு உள்ளேயே நின்றது. யார் சிரிப்பு எது என்று எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. வண்டி தொண்ணூற்றெட்டில் போய்க்கொண்டிருந்தது.